எண்ணிக்கை ஊர் சேர்க்குமா?

2025ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கிள்ளானிலிருந்து கூலிமுக்குப் பயணமானேன். தம் தாயாரைக் காணச் சென்றுகொண்டிருந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் மனைவி மக்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். அவர் புதிதாக வாங்கியிருந்த மின்சார மகிழுந்து அது. புகையில்லை, இரைச்சலில்லை. பிள்ளைகள் இருவரும் பின்னிருக்கையில் உறங்கிவிட்டனர். அறிவியலின் ஆற்றலை எண்ணி வியந்தபடியே நானும் அமர்ந்திருந்தேன். அந்த வியப்பு பாதி வழி வரையில்தான் நீடித்தது.

பண்டிகைக் கால நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தன. மின்கலத்தில் 18 விழுக்காடு மின்சாரமே எஞ்சியிருந்தபோது, ஊர் சேர இன்னும் 130 கிலோமீட்டர் இருந்தது. நெடுஞ்சாலையின் ஓய்விடம் ஒன்றில் நுழைந்தோம். அங்கே இரண்டு மின்னேற்றிகள் நின்றிருந்தன. ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றொன்றின் முன்னே நான்கு மகிழுந்துகள் காத்துக் கிடந்தன.

“ஐயா, அடுத்த இடத்துக்குப் போய்ப் பார்ப்போமா? அங்கே இடம் காலியென்று செயலியில் பச்சை காட்டுகிறது” என்றார் அவர்.

“இங்கே என்ன காட்டியது?” என்று கேட்டேன்.

“இங்கேயும் பச்சைதான் ஐயா காட்டியது.”

அதன்பின் நாங்கள் எங்கும் போகவில்லை. வரிசையில் நின்றோம். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம். மின்னேற்ற மேலும் அரை மணி நேரம். நள்ளிரவு கடந்து ஊர் சேர்ந்தபோது, வாசல் விளக்கை அணைக்காமல், ஆறிப்போன உணவை மூடி வைத்துக்கொண்டு அந்த மூதாட்டி விழித்திருந்தார்.

இதனைத் தனி மனிதர் ஒருவரின் சலிப்பென்று தள்ளிவிட வேண்டா. அன்று அந்த வரிசையில் நின்றவர்கள் செல்வச் செழிப்பில் மிதந்தவர்கள் அல்லர். ஒருவர் தாதி, ஒருவர் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஒருவர் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர். அரசாங்கத்தின் அழைப்பை நம்பி மின்சார மகிழுந்து வாங்கியவர்கள் அவர்கள். வண்டியை வாங்கு என்று அவர்களுக்குச் சொன்ன நாடு, வழியில் மின்சாரம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் ஓர் எண்ணிக்கையை விடையாகத் தருகிறது. அந்த விடை தவறானது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

நடந்தவற்றை முதலில் நோக்குவோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மின்சார மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்களிக்கப்பட்டன. முழுமையாக இறக்குமதியாகும் வண்டிகளுக்கு அச்சலுகை 2025ஆம் ஆண்டு இறுதி வரை நீடித்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் வண்டிகளுக்கு 2027ஆம் ஆண்டு இறுதி வரை அறிவிக்கப்பட்டது. சாலை வரியும் 2025 முடியும் வரை விலக்களிக்கப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சார மகிழுந்தை வெளியிட்டது. 2025 டிசம்பரில் பெரோடுவாவும் வெளியிட்டது. நம் நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் நிற்பவை பெரும்பாலும் இவ்விரு நிறுவனங்களின் வண்டிகளே. ஆகவே, மின்சார மகிழுந்து பணக்காரர் விளையாட்டுப் பொருள் என்று பேசிய காலம் மலையேறிவிட்டது.

வண்டிக்குச் செய்தது இவ்வளவு. வழிக்குச் செய்தது யாது? 2021 முதல் 2030 வரைக்குமான குறைந்த கரிமப் போக்குவரத்துப் பெருந்திட்டத்தில், 2025ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் 10,000 பொது மின்னேற்றிகள் அமைக்கப்படும் என்று இலக்கு வைக்கப்பட்டது. அவற்றுள் 9,000 மெதுவானவை, 1,000 விரைவானவை. 2024 முடிந்தபோது அதில் பாதிகூட நிறைவேறவில்லை. 2025ஆம் ஆண்டும் கடந்தது. இலக்கு கைக்கு எட்டவில்லை. யானையைக் கொடுத்தும் அங்குசத்துக்குப் பிணக்கா என்பார்கள் நம் பெரியோர். பல்லாயிரம் ரிங்கிட் வரியை ஒவ்வொரு வண்டிக்கும் விட்டுக்கொடுத்த நாடு, அந்த வண்டி ஊர் போய்ச் சேர வழிசெய்வதில் பின்தங்கிவிட்டது.

ஆயினும் என் குறை இலக்கு தவறியது குறித்து மட்டுமன்று. பத்தாயிரம் எட்டப்பட்டிருந்தாலும் அன்றிரவு நாங்கள் காத்துக் கிடந்திருப்போம். ஏனெனில் அந்த இலக்கே தவறான அளவுகோலால் அளக்கப்பட்டது.

அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். 2030ஆம் ஆண்டுக்குள் 60,000 மின்னேற்றிகள் என்று அந்நாடு இலக்கு வைத்திருக்கிறது. அவற்றுள் 40,000 பொது வாகன நிறுத்துமிடங்களுக்கானவை. அங்கே எண்ணிக்கையை இலக்காக வைப்பது பொருந்தும். கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே கொண்ட தீவு அது. எந்த மூலையில் மின்சாரம் தீர்ந்தாலும் அடுத்த மின்னேற்றி அருகிலேயே இருக்கும். இரவு வீட்டின் கீழே மின்னேற்றிக்கொண்டால் மறுநாள் முழுதும் ஓடலாம். நம் நாட்டின் கதை வேறு. 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மட்டுமே 700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கோத்தா பாரு 400 கிலோமீட்டருக்கும் அதிகம். நீண்டு கிடக்கும் நிலத்தில் “எத்தனை?” என்ற கேள்வி பாதிக் கேள்வியே. “எங்கே? எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? எவ்வளவு விரைவு? இன்று இயங்குகிறதா?” என்பனவே முழுக் கேள்விகள்.

கோலாலம்பூரின் பேரங்காடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருபது மெதுவான மின்னேற்றிகளைப் பொருத்தினால், கணக்கில் இருபது கூடும். அவற்றால் கூலிமுக்குப் போகிறவனுக்கு என்ன பயன்? 7 கிலோவாட் ஆற்றலுடைய மெதுவான மின்னேற்றி, 60 யூனிட் கொள்ளும் மின்கலத்தை நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அலுவலகத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் அது போதும், வழிப்பயணத்துக்கு உதவாது. 100 கிலோவாட் விரைவு மின்னேற்றியோ அதே மின்கலத்தின் பெரும்பகுதியை அரை மணி நேர அளவில் நிரப்பிவிடும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் போட்டு எண்ணுவது, மிதிவண்டியையும் பேருந்தையும் சேர்த்து எண்ணி, ஊரில் போதுமான வாகனம் உண்டு என்று அறிக்கை விடுவதற்கு ஒப்பாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்டியலில் உள்ள மின்னேற்றி பயணத்துக்கு உதவாது.

சரி, ஓய்விடங்களில் விரைவு மின்னேற்றிகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன என்பர் சிலர். வந்துகொண்டிருப்பது உண்மை. போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியர்கள் இதனை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கே கணிதப் பயிற்சியாகத் தரலாம். பெட்ரோல் குழாய் ஒன்றில் ஒரு வண்டி ஐந்து நிமிடம் நிற்கிறது என்று கொள்வோம். மணிக்குப் பன்னிரண்டு வண்டிகள். விரைவு மின்னேற்றியில் ஒரு வண்டி அரை மணி நேரம் நிற்கிறது. மணிக்கு இரண்டே வண்டிகள். ஆகவே, ஒரு பெட்ரோல் குழாயின் பணியைச் செய்ய ஆறு மின்னேற்றிகள் வேண்டும். பன்னிரண்டு குழாய்கள் உள்ள எண்ணெய் நிலையத்துக்கு மணிக்கு 144 வண்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பத்தில் ஒன்று மின்சார வண்டியாக மாறினால், 14 வண்டிகள். ஓயாமல் இயங்கும் ஏழு விரைவு மின்னேற்றிகள் அங்கே தேவைப்படும். இரண்டை நட்டு வைத்து, அவற்றுள் ஒன்று பழுதாகி, மற்றொன்றின் முன் மக்கள் வரிசை பிடித்து நிற்பதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

நெடுஞ்சாலையின் நிலை இது. நெடுஞ்சாலையை விட்டு விலகினால் என்ன ஆகும்? 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். கெரிக்கிலிருந்து ஜெலி வரை காடும் மலையுமாக 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சாலை அது. காட்டு யானைகள் குறுக்கே கடக்கும். பல இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காது. மலையேற்றத்தில் மின்கலம் விரைந்து கரையும். குவாலா லிப்பிஸ் வழியாக குவா மூசாங் செல்லும் சாலையும் இவ்வாறே ஊர்களை அரிதாகக் கொண்டது. பகாங்கிலும் கிளந்தானிலும் பணியாற்றும் நம் ஆசிரியர்கள் பலர், பள்ளி விடுமுறை விட்டதும் பேராக்குக்கும் கெடாவுக்கும் இத்தகைய சாலைகளிலேதான் திரும்புகின்றனர். ஓய்விடத்தில் வரிசை என்பது அவர்களுக்குச் சலிப்பு அன்று. வரிசையில் நிற்கவாவது ஓர் இடம் இருக்கிறதா என்பதே அவர்களின் கவலை.

இங்கே நம் சமுதாயத்தின் பழைய அனுபவம் ஒன்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. தோட்டப்புறங்களுக்கு மின்சாரம் பிந்தியே வந்தது. அந்தி சாய்ந்ததும் தோட்டத்து இயந்திரம் ஓடும். சில மணி நேரம் விளக்கெரியும். பின்னர் இயந்திரம் நிற்கும். லயன்கள் இருளில் மூழ்கும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆசிரியரானவர்கள் இக்கட்டுரையைப் படிப்போருள்ளும் இருப்பீர்கள். நகரத்தில் பகல்போல் ஒளி வீசிய காலத்தில் நாம் ஏன் இருளில் இருந்தோம்? கம்பி இழுக்கும் செலவுக்கேற்ற வருவாய் அங்கே இல்லை என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். இன்று மின்னேற்று நிலையங்களைப் பற்றிச் சொல்லப்படும் காரணமும் அதுவே. “சிற்றூர்களில் மின்சார வண்டிகள் குறைவு; ஆகவே இலாபம் இல்லை” என்கின்றனர். மின்னேற்றி இல்லாமையால் அங்கே வண்டி குறைவு. வண்டி குறைவாதலால் மின்னேற்றி இல்லை. இந்தச் செக்கை எவர் நிறுத்துவது? கடைசியாக மின்சாரம் கண்ட மக்கள், இந்த இரண்டாம் மின்சாரத்தையும் கடைசியாகத்தான் காண வேண்டுமா?

இனி, எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“மின்னேற்று நிலையம் தனியார் வணிகம், இலாபமில்லாத இடத்தில் கடை போடு என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது” என்பது முதல் வாதம். கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால், கெரிக் ஜெலி சாலை இலாபம் பார்த்தா போடப்பட்டது? சிற்றூர்களுக்குத் தபால் நிலையமும் தொலைபேசியும் மின்கம்பியும் சென்றது இலாபக் கணக்கால் அன்று. நாட்டின் ஒரு மூலை மற்றொரு மூலையோடு இணைந்திருக்க வேண்டும் என்ற பொதுநலக் கருத்தால் அவை சென்றன. விரைவு மின்னேற்று நிலையத்தின் பெருஞ்செலவுகளுள் ஒன்று, மின்னேற்றிக்கு வெளியே இருக்கிறது. 180 கிலோவாட் மின்னேற்றி ஒன்று, பல வீடுகள் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைத் தான் ஒன்றே இழுக்கும். அதற்கேற்ற கம்பியும் மின்மாற்றியும் சிற்றூரில் புதிதாக அமைக்கப்பட வேண்டும். அந்த இணைப்புச் செலவை அரசு ஏற்கட்டும்; நிலையத்தைத் தனியார் நடத்தட்டும். இலாபம் கொழிக்கும் இடத்தில் உரிமம் பெறும் நிறுவனம், இலாபம் குறைந்த சாலையிலும் ஒன்று அமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும். கொழுத்த பகுதியை மட்டும் அறுத்துத் தின்றுவிட்டு எலும்பைச் சிற்றூருக்கு எறிவதைத் தடையற்ற வணிகம் என்று போற்ற வேண்டியதில்லை.

“வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளலாமே” என்பது இரண்டாம் வாதம். தினமும் வேலைக்குப் போய் வருவோருக்கு இது பொருந்தும். தரைவீடும் தனி வாசலும் உடையோருக்குப் பொருந்தும். அடுக்குமாடியின் பதினைந்தாம் மாடியில் குடியிருப்பவருக்கு வாசல் ஏது? ஊர் போய்ச் சேர்ந்த பின்னர் அம்மா வீட்டில் மின்னேற்றலாம் என்றால், அந்தப் பழைய வீட்டின் மூன்று முனைச் செருகி 2 கிலோவாட் அளவே தரும். மின்கலம் நிரம்ப ஒரு நாளும் கடந்துவிடும். பழைய கம்பிகளில் மணிக்கணக்காக அத்தனை மின்சாரத்தை இழுப்பது ஆபத்தும் ஆகும். தாய் வீட்டைப் பார்க்கப் போகிறவன் அந்த வீட்டுக்குத் தீங்கு செய்துவிட்டுத் திரும்பலாமா?

“புதிய வண்டிகள் ஒருமுறை மின்னேற்றினால் 400 கிலோமீட்டர் ஓடுகின்றன, பிறகென்ன கவலை?” என்பது மூன்றாம் வாதம். அந்த 400 சோதனைக்கூடத்தில் கண்ட 400. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், குளிர்ப்பதனம் ஓட, குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறியிருக்கையில் அது 300 ஆகக் குறைந்தால் வியப்பில்லை. அடுத்த நிலையம் இயங்குமா என்று தெரியாத நாட்டில் 20 விழுக்காடு மிச்சம் வைத்தே ஓட வேண்டும். வழியில் மின்னேற்றும்போது 80 விழுக்காட்டுக்கு மேல் வேகம் குறைந்துவிடுமாதலால் பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திக்கொள்வர். 80க்கும் 20க்கும் இடைப்பட்ட 60 விழுக்காடே உண்மையில் வழிப்பயணத்துக்குக் கிடைப்பது. 300இல் 60 விழுக்காடு 180 கிலோமீட்டர். அதாவது, கோலாலம்பூரில் மின்னேற்றி ஈப்போ சேருமுன்பே அடுத்த மின்னேற்றியைத் தேட வேண்டிய தூரம். நிலையங்கள் நம்பத்தக்கனவாக இருந்தால், 20 விழுக்காட்டு அச்சம் 10 ஆகும். அதே மின்கலம் மேலும் 30 கிலோமீட்டர் ஓடும். நல்ல சாலை வண்டியின் ஆயுளைக் கூட்டுவது போல, நல்ல மின்னேற்று நிலையம் மின்கலத்தின் தூரத்தைக் கூட்டுகிறது.

“மகிழுந்தை விட்டுத் தொடர்வண்டியில் போகலாமே” என்பது நான்காம் வாதம். இதனை நான் மதிக்கிறேன். மின்தொடர்வண்டி பாடாங் பெசாருக்கு 2015ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. 2025 டிசம்பரில் ஜொகூர் பாருவையும் எட்டிவிட்டது. தனியே பயணம் செய்வோர் அதிலேயே செல்லட்டும். ஆனால் தொடர்வண்டி நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் பதினைந்து மைல் தூரத்துக்குப் பேருந்து எங்கே? முதிய தந்தை, கைக்குழந்தை, பண்டிகைப் பலகாரம் ஆகியவற்றோடு நடுவழியில் நிற்பவருக்கு இந்த அறிவுரை சோறு போடாது. தொடர்வண்டிக்குத் தண்டவாளம் போட்ட நாடு, சாலைக்கும் மின்சாரம் தர வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

இவையெல்லாம் ஆகாத காரியம் என்று எவரேனும் சொன்னால், ஆகியிருக்கும் இடங்களைக் காட்டுவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறை, முதன்மை நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்று நிலையம், செல்லும் திசை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்கிறது. அந்நிலையத்தின் மொத்த ஆற்றல் 400 கிலோவாட்டுக்குக் குறையலாகாது. அதில் ஒரு மின்னேற்றியாவது 150 கிலோவாட் தர வேண்டும் என்று 2025 இறுதியைக் கெடுவாக வைத்தது. அமெரிக்கா 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 500 கோடி டாலரை ஒதுக்கி வகுத்த திட்டம், 50 மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு நான்கு விரைவு மின்னேற்றிகள், ஆண்டில் 97 விழுக்காட்டு நேரம் அவை இயங்க வேண்டும் என்ற விதிகளோடு தொடங்கியது. பிரிட்டன் 2023ஆம் ஆண்டு விதிகளில் விரைவு மின்னேற்றிகளுக்கு 99 விழுக்காட்டு நம்பகத்தன்மையைக் கட்டாயமாக்கியது. இந்நாடுகள் எல்லாம் விதித்தபடியே முடித்துவிட்டன என்று நான் வாதிடவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள் என்றே சொல்கிறேன். அவர்கள் தூரத்தை அளந்தார்கள். இயங்கும் நேரத்தை அளந்தார்கள். நாமோ தலைகளை எண்ணினோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, அளவுகோல் மாறட்டும். நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக, இரு திசைகளிலும், நிலையத்துக்கு நான்கு விரைவு மின்னேற்றிகளுக்குக் குறையாமல் அமையட்டும். கூட்டரசுச் சாலைகளில் 80 கிலோமீட்டருக்கு ஒன்றாயினும் அமையட்டும். எத்தனை மின்னேற்றிகள் நிறுவினோம் என்ற அறிக்கைக்குப் பதிலாக, எந்தெந்தச் சாலையில் எவ்வளவு தூரம் மின்னேற்றியின்றிக் கிடக்கிறது என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

இரண்டாவது, பழுதுக்குப் பொறுப்பு ஏற்கட்டும். நிறுவிய நாளில் நாடாவை வெட்டிப் படம் பிடித்துக்கொள்வோர், ஆறு மாதம் கழித்து அதே மின்னேற்றி செத்துக் கிடக்கையில் எங்கே போகின்றனர்? ஒவ்வொரு மின்னேற்றியும் ஆண்டில் எத்தனை நாள் இயங்கியது என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தண்டம் விதிக்க வேண்டும். செயலியில் பச்சை காட்டிவிட்டு நேரில் இருளைக் காட்டுவது வழிப்போக்கனை ஏமாற்றும் செயல்.

மூன்றாவது, கட்டணம் செலுத்தும் முறை எளிமையாகட்டும். இன்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு செயலி. ஒவ்வொன்றிலும் பதிவு செய்ய வேண்டும். பலவற்றில் முன்பணம் போட்டு வைக்க வேண்டும். சில நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டது நல்ல தொடக்கமே. எனினும் அது போதாது. பெட்ரோல் போட எவரும் ஐந்து செயலிகளைப் பதிவிறக்கிக்கொள்வதில்லை. வங்கி அட்டையைக் காட்டினால் மின்சாரம் வர வேண்டும். கைப்பேசி அலை எட்டாத மலைச்சாலைக்கும், செயலியோடு போராட இயலாத முதியவர்க்கும் அதுவே துணை.

நான்காவது, சிற்றூர்களுக்கு முதல் உரிமை தரட்டும். 1994ஆம் ஆண்டில் நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும், பழைய சாலையோரத்து ஊர்கள் வழிப்போக்கரை இழந்தன. தஞ்சோங் மாலிம், பீடோர், கம்பார் முதலிய ஊர்களில் நின்று பசியாறிய பயணிகள் வேகமாகக் கடந்து போயினர். பெட்ரோல் வண்டி ஐந்து நிமிடமே நிற்பது. அதனை ஊருக்குள் அழைத்துப் பயனில்லை. மின்சார வண்டியோ அரை மணி நேரம் நின்றே தீர வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் ஒரு குடும்பம் வாழையிலைச் சோறு உண்ணும். பீடோர் கொய்யா வாங்கும். பிள்ளைகள் கடைத்தெருவைச் சுற்றி வருவர். நெடுஞ்சாலை பறித்துக்கொண்ட வழிப்போக்கரை மின்னேற்று நிலையம் திருப்பித் தரும். மாவட்ட மன்றங்கள் தங்கள் வாகன நிறுத்துமிடங்களில் நான்கு இடங்களை ஒதுக்கினால் போதும். கடைக்காரர்களே நன்றி சொல்வர்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! இலக்கியம் பேசும் நூலில் மின்னேற்றிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில் நின்று பாருங்கள். நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் எங்கே இருக்கின்றனர்? சுங்கை சிப்புட்டில், பாகான் செராயில், பாடாங் செராயில், சிகாமாட்டில், லாபிசில். பிழைப்புக்காகப் பெற்றோர் நகரத்துக்கு வந்துவிட்டனர். மொழியின் வேரும் உறவின் வேரும் அங்கே இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஊருக்குப் போகும் பிள்ளைதான் பாட்டியிடம் கதை கேட்கிறது; கோவில் திருவிழாவில் உறவுமுறை சொல்லி அழைக்கப் பழகுகிறது. பயணம் தொல்லையானால் பயணம் குறையும். “இந்த ஆண்டு வேண்டாம்; வழியில் வரிசை” என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தின் விலை எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை.

மற்றொன்றும் சொல்வேன். புதிய பொருள் வரும்போது அதற்கான சொல்லோடும் அதற்கான கேள்வியோடும் வரவேற்பது கற்றவர் கடமை. மின்னேற்றி, மின்கலம், மின்னேற்று நிலையம் என்ற சொற்களை வகுப்பறையில் புழங்கவிடுங்கள். அவற்றோடு தூரம், நேரம், ஆற்றல் பற்றிய கணக்குகளையும் போடச் செய்யுங்கள். மேல்நிலை மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து அடுத்த விரைவு மின்னேற்றி எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, வரைபடம் வரைந்து, மாவட்ட மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதட்டும். மேடையில் முழங்கும் பத்து உரைகளைக் காட்டிலும், அளந்து எழுதிய ஒரு கடிதத்துக்கு வலிமை அதிகம்.

வண்டிகள் இனி பெருகும். தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் மின்சார மகிழுந்து ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டியும் ஏதோ ஒரு பண்டிகைக்கு, ஏதோ ஓர் ஊருக்குப் புறப்படத்தான் போகிறது. அப்போது அந்த வண்டியில் இருப்பவர் கேட்கப்போவது நாட்டில் மொத்தம் எத்தனை மின்னேற்றிகள் என்பதை அன்று. அடுத்தது எங்கே, அது வேலை செய்கிறதா என்பதையே கேட்பார். அவருக்கு விடை சொல்லக்கூடிய திட்டமே திட்டம். அதுவரை, கூலிமிலும் பாகான் செராயிலும் வாசல் விளக்கை அணைக்காமல் விழித்திருக்கும் தாய்மார்க்கு, பத்தாயிரம் என்ற எண் எந்த ஆறுதலையும் தரப்போவதில்லை.